புதுவாயல் டீக்கடைச் சுவரில் ஒரு பெயர்

கலியன் மூன்று நாளாகச் சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தான். கும்மிடிப்பூண்டி ஃபவுண்டரியில் நாள் முழுக்க நெருப்பில் நிற்கிறவன் இப்படிப் பட்டினி கிடந்தால் என்ன ஆவது? அவன் மனைவி ரத்னா டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, யாரு இன்னா சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

அவள் நகரவில்லை. கடைசியில் அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "புதுவாயல் டீக்கடை செவுத்துல எம்பேரு ஒட்டிக்கிது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது பிரசவத்தில் ரத்னா பிழைத்ததே பெரிய பாடு. இன்னொன்று உண்டானால் உயிர் தங்காது என்று டாக்டர் சொன்ன மறுவாரமே, கலியன் முகாமுக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டான். அவளிடம்கூடப் போய்வந்த பிறகுதான் சொன்னான். வெளியே தெரியாது என்று அங்கே வாக்குக் கொடுத்துத்தான் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் ரத்னா, முகாம் நடத்திய பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போகிற வழியில் டீக்கடையில் நின்று, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பட்டியலைப் படித்தாள். பெயர், அப்பன் பெயர், வயது, தெரு, பிள்ளைகள் எத்தனை, ஆபரேஷன் தேதி, எல்லாம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'மனைவிக்கு உடல் பலவீனம்' என்று எழுதியிருந்தது. அவள் காது மடல் சுட்டது.

ஆபீசில் குமாஸ்தா துளசிராமன் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். "நாலு பேரு பாத்தா நாப்பது பேரு வருவாங்கன்னு ஒட்டிக்கிறோம். இதுல இன்னாம்மா தப்பு?"

"வெளிய சொல்ல மாட்டோம்னு சொல்லித்தான சார் எழுதிக்கினீங்க? எங்க ஊட்டுக்காரரு சோறு துண்ணு மூணு நாளாவுது."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"உங்க பேரு அதுல இல்லியே சார், ஏன்?"

துளசிராமன் இருமினார். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அஞ்சாவது வரை படித்தவள் அவள். அங்கேயே பெஞ்சியில் உட்கார்ந்து மனு எழுதினாள். முத்திரை குத்தித் தரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மத்தியானம் வந்த கமிஷனர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, எல்லா ஊரிலும் பட்டியலை இன்றே கிழிக்கச் சொன்னார். துளசிராமன் சைக்கிளை எடுத்தார். ரத்னாவுக்கு நம்பிக்கையில்லை, பின்னாலேயே புதுவாயலுக்கு நடந்தாள்.

ஷிஃப்ட் முடிந்து வந்த கலியன் அந்தக் காட்சியைப் பார்த்தான். குமாஸ்தா சொம்பால் தண்ணீர் ஊற்ற, அவன் பெண்டாட்டி கொட்டாங்கச்சிச் சில்லால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கலியா, பேரு போச்சி! போன தெம்பு திரும்பி வருமா?" என்றான் உடன் வேலை செய்யும் ராஜமாணிக்கம். கடையே சிரித்தது.

கலியன் அவன் பக்கம் திரும்பினான். "ஆமாடா, பண்ணிக்கினேன். இவ உசுரோட இருக்கணும்னு பண்ணிக்கினேன். இப்ப இன்னான்ற?"

டீக்கடைக்காரர் இரண்டு டீ போட்டு நீட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரத்னா பொரிந்து தள்ளினாள். "நான் நகம் தேயச் சொரண்டுனா, நீ தண்டோரா போட்டுட்ட!"

"இது நானே சொன்னது, ரத்னா. அவனுங்க என்னைக் கேக்காம சொன்னாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவன் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பத்து நாள் கழித்து ராஜமாணிக்கம் வீட்டுக்கே வந்தான். வேப்பமரத்தடியில் நின்று இருவரும் நெடுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள்; 'முகாம்' என்ற ஒரு சொல் மட்டும் ரத்னா காதில் விழுந்தது. போகும்போது அவன் கலியன் கையைப் பிடித்து ஏதோ கெஞ்சினான்.

"எதுக்கு வந்தான்?" என்று ரத்னா கேட்டாள்.

"சும்மா" என்றான் கலியன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.