தவறான குளத்தில் ஐந்து பேர்

நீச்சல் குளத்தில் பதிவேடு என் பொறுப்பு. பயிற்சி என் அக்காவின் பொறுப்பு. விடுமுறை வகுப்புக்கு அறுபத்து நான்கு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் ஆழக் குளத்துக்கு, தெரியாதவர்கள் இடுப்பளவுக் குளத்துக்கு. பிரிப்பதற்குப் பைத்தான் கணினி மொழியில் நாலு வரி எழுதினேன். அதிலுள்ள லூப், திரும்பத் திரும்ப ஓடும் வரி, ஒவ்வொரு பெயராகப் போகும். ‘நீந்தத் தெரியாது’ என்றிருந்தால் அந்தப் பெயரை உருவி வேறொரு லிஸ்டில் போடும். உருவியது போக மிச்சம் ஆழத்துக்கு. இருபத்து மூன்றும் நாற்பத்தொன்றும், கூட்டினால் அறுபத்து நான்கு. கணக்கு சரி என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை விசிலுக்கு மேல் அக்காவின் குரல் கேட்டது.

“டேய், கம்ப்யூட்டர் புலி! இங்க வாடா!”

வகுப்பில் சேர்ந்திருந்த இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி இடுப்பளவுக் குளத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். மற்றவளின் கையை ஆழக் குளத்து விளிம்பில் அக்கா இறுகப் பிடித்திருந்தாள்.

“ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாதாம். இவ குதிக்க நிக்கிறா!”

“நீங்கதானே மிஸ் என் பேரைப் படிச்சீங்க” என்றாள் அவள்.

“எல்லாரையும் மேல ஏத்துக்கா” என்று கத்திவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

மூல லிஸ்டில் இருவரும் அடுத்தடுத்து. அப்போதுதான் உறைத்தது. வரிசையில் ஒருவரை உருவினால் பின்னால் இருப்பவர் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார். லூப்போ அடுத்த இடத்துக்குத் தாவிவிடுகிறது. நகர்ந்தவரை யாரும் கேட்பதே இல்லை. கேட்காவிட்டாலும் கூட்டுத்தொகை பிசகாது.

மாற்றினேன். இரண்டு காலி லிஸ்ட். மூல லிஸ்டில் கை வைக்காமல், தெரியாதென்றால் இதில், தெரியுமென்றால் அதில். இருபத்தெட்டு, முப்பத்தாறு. ஐந்து பேர் தவறான குளத்தில்!

ஓடிவந்து அந்த ஐந்து பெயரையும் படித்தேன். நால்வர் உலர்ந்த தலையோடு கை தூக்கினார்கள். ஐந்தாவது பெயருக்குப் பதில் இல்லை. இன்னொரு தடவை படித்தேன். அக்கா கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றாமல் ஆழத்தில் குதித்துவிட்டாள்.

அவள் மூச்சு வாங்கித் தலையை நீட்டியபோது, கழிப்பறைப் பக்கமிருந்து அந்த ஐந்தாவது பையன் துண்டோடு வந்தான்.

“என்ன மிஸ், எங்களை விட்டுட்டு நீங்களே குதிச்சிட்டீங்க?”

அக்கா விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“வேற யாரும் விட்டுப்போகலையேடா?”

“அறுபத்து நாலு பேரையும் கேட்டாச்சுக்கா” என்று கை நீட்டி அவளை மேலே இழுத்தேன்.