இல்லாத ஆறாம் வகுப்பு

மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று புவனா சொன்னபோது, தலைமையாசிரியை காதில் விழாதவர் போலச் சாக்பீஸ் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகுதான் நிமிர்ந்தார். "இங்க அஞ்சாவது வரைக்குந்தான் அம்மணி."

அது புவனாவுக்குத் தெரியாததல்ல. இரண்டே அறைகள் உள்ள ஓட்டுக் கட்டடம். பின்னால் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியின் நிழல் காலையிலேயே அதன்மேல் விழுந்துவிடும். தெரிந்தேதான் வந்திருந்தாள். பிளாஸ்டிக் கவரிலிருந்து அக்ஷயாவின் டி.சி.யை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அதைப் பார்த்ததும் தலைமையாசிரியையின் முகம் மாறியது. "இதை வாங்கிப்போட்டீங்களா? பழைய பள்ளிக்கூடத்துல பேரை எடுத்துட்டாங்க. இங்க ஆறாவதே இல்ல. இப்பப் புள்ள எங்கயுமே இல்லையேங்க."

"அதுக்குத்தானுங்க வாங்குனேன்" என்றாள் புவனா.

சொல்லிவிட்டுக் காலியான கவரை மடித்துக்கொண்டாள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள். அவளே எட்டாவதோடு நின்றவள்தான். தாராபுரத்துக்குத் தெற்கே அவள் ஊரில் எட்டாவதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். பெண்பிள்ளை பஸ் ஏறி என்ன படிப்பு என்று அவள் அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்குத் திருப்பிச் சொல்ல அவளுக்கு அன்று பதில் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் பாத்திரம் துலக்கும்போது விதவிதமான பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

கல்யாணமாகி அவள் வந்து சேர்ந்த சிங்காநல்லூரில் வாய்க்கால் ஓரம் இருந்த வீடுகளை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஊருக்கு வெளியே சோளக்காடாக இருந்த இடத்தில் கட்டிய இந்த வாரியக் குடியிருப்பில் இறக்கினார்கள். இறங்கிய அன்றைக்கே ஆண்கள் கூடி ஒரு தீர்மானம் செய்தார்கள். என்ன வந்தாலும் பிள்ளைகளின் டி.சி.யை மட்டும் வாங்குவதில்லை. பேர் அங்கே இருக்கும்வரை தாங்களும் அந்த ஊர்க்காரர்கள்தான், எவனும் துரத்தியதாகச் சொல்ல முடியாது. அதிகச் சத்தமாகச் சொன்னவன் அவள் வீட்டுக்காரன், ஆட்டோ ஓட்டும் கௌதமன். அப்போது புவனாவுக்கும் அது வீரமாகத்தான் பட்டது.

வீரத்தைச் சுமந்தது பிள்ளைகள். விடிந்தும் விடியாமல் பஸ், உக்கடத்தில் இறங்கி இன்னொரு பஸ். படியில் தொங்கிக்கொண்டு, பசி மயக்கத்தில் கம்பியில் தலை சாய்த்துக்கொண்டு. முதலில் நின்றவர்கள் பெண்பிள்ளைகள். கீழ் வீட்டு மயிலாத்தாளின் மூத்தவள், பஸ் நெரிசலில் ஒருவன் செய்த வேலைக்குப் பிறகு, ஏழாவதோடு நின்று இப்போது நூல் மில்லுக்குப் போகிறாள். "பாத்தியா புவனா, மில்லு வேன் மட்டும் வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போகுது" என்பாள் மயிலாத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

போன மாதம் பெண்கள் மனு எழுதிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். உள்ளூர்ப் பள்ளியை எட்டாவது வரை உயர்த்த வேண்டும், பக்கத்தில் பள்ளிக்கென்று ஒதுக்கிய இடம் சும்மாதானே கிடக்கிறது. அலுவலர் மரியாதையான மனிதர், எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் பகுதியில் அவ்வளவு பிள்ளைகள் இல்லையே என்றார். குடியிருப்புப் பிள்ளைகள் சிங்காநல்லூர்க் கணக்கில். ஏற்கெனவே கட்டி முடித்த அடுக்குமாடிகளின் பிள்ளைகள் மஞ்சள் வேனில் தனியார் பள்ளிக்கு. இந்தப் பள்ளியின் பதிவேட்டில் இருப்பது ஒரு கைப்பிடிதான். "புள்ளைகளே இல்லாத எடத்துல எப்படிங்க கட்டடம் கேக்கறது?" என்றார். ஆயிரம் வீடு கட்டிக் குடி வைத்த இடத்தில், தங்கள் பிள்ளைகளைத் தாங்களே மறைத்து வைத்திருக்கிறோம் என்பது திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக உறைத்திருக்க வேண்டும்.

டி.சி. வாங்கிவிட்டாள் என்று தெரிந்த அன்று கௌதமன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "சிங்காநல்லூர்ல அவளுக்குன்னு ஒரு பேரு இருந்துச்சு. அதையும் நீயே அழிச்சுப்போட்டே."

"பேரு அங்க, ஊடு இங்க, புள்ள பஸ்ஸுல. மூணையும் ஒரே எடத்துல வெக்கோணும் மாமா" என்றாள். அவன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது தலைமையாசிரியை டி.சி.யைத் திருப்பி நீட்டினார். உத்தரவு வராமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, ஆறாவதுக்கு வாத்தியார் கிடையாது, உட்காரவைக்க இடமும் கிடையாது என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"உக்கார எடம் எங்களுக்குத் தெரியுமுங்க" என்று சொல்லி, புவனா மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பள்ளிச் சுவரை ஒட்டி ஒதுக்கப்பட்ட அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் எம்-சாண்டு மணலும் ஜல்லியும் கொட்டி வைத்திருந்தார்கள். இரண்டு குவியல்களுக்கும் நடுவில் கோணிச்சாக்கை விரித்தாள். அக்ஷயா உட்கார்ந்து பழைய அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தாள்.

மனு கொடுக்கப் போன பெண்கள் எல்லாரும் டி.சி. வாங்கிக்கொண்டு வருவதாகச் சத்தியம் செய்திருந்தார்கள்; அன்று ஒருத்திதான் வந்தாள். அந்த அடுக்குமாடியிலேயே சித்தாள் வேலை பார்க்கும் மயிலாத்தாள், சின்னவள் தேஜாவை இழுத்துக்கொண்டு வந்தாள். "டி.சி. கேட்டா அந்தக் கிளார்க்கு, ஏம்மா பொண்ணுக்குக் கலியாணமாங்கறான். ஆமாங்க சாமி, பள்ளிக்கூடத்தத்தான் கட்டிக்குவேன்னு நிக்கறாளுன்னேன்."

அடுத்த நாள் இன்னும் சிலர். வியாழக்கிழமை பி பிளாக்கிலிருந்து ஆசிப் என்ற பையனின் அம்மா மூன்று பிள்ளைகளோடு வந்தாள். டி.சி. வாங்கியவர்களும் வந்தார்கள், வாங்கப் பயந்து பிள்ளையை மட்டும் அனுப்பியவர்களும் இருந்தார்கள். வராதவர்கள் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று பார்த்தார்கள். புவனா தனக்குத் தெரிந்த வரைக்கும் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளிடம் பேசுவதற்கு அவளுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எம்-சாண்டு ஏற்றிக்கொண்டு டிப்பர் வந்தது. பின்னோக்கியே வந்து, கோணிச்சாக்குகளைக் கண்டு நின்றது. சூப்பர்வைசர் இறங்கி வந்தான். சின்ன வயசுப் பையன்.

"ஏனுங்க அக்கா, கொளந்தைகளக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. லோடு இறக்கோணும்."

"கிளாஸ் நடக்குதுங்க தம்பி."

"இது எங்க எடமுங்க."

"இல்லீங்க. பள்ளிக்கூடத்துக்குன்னு ஒதுக்குன எடமுங்க, லோடு கொட்டறதுக்கில்லீங்க இது."

அவன் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். டிரைவர் விட்டு விட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அக்ஷயா அம்மாவைப் பார்த்தாள். புவனா கரித்துண்டால் சுவரில் அடுத்த கணக்கை எழுதினாள். ஒரு பிள்ளையும் எழவில்லை. சத்தம் கேட்டு அறை ஜன்னலுக்கு வந்த தலைமையாசிரியை கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளையே பார்த்தார். அவர் உதடு அசைந்தது. யாரையோ திட்டுகிறார் என்று நினைத்தாள் புவனா. பிறகு அவர் கம்பிக்கு வெளியே ஆட்காட்டி விரலை நீட்டுவதைக் கண்டாள். விரல் ஒவ்வொரு தலையாகச் சுட்டிக்கொண்டு நகர்ந்தது. ஹாரன் இன்னொரு முறை அலறியதில் எண்ணிக்கை விட்டுப்போயிருக்க வேண்டும். விரல் நின்றது. மறுபடி அக்ஷயாவின் தலைக்கு வந்து, முதலிலிருந்து தொடங்கியது.