பன்னிரண்டு நாள் தண்ணி

மெர்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சேரப்பணஞ்சேரிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யே பழகாதவள் ஒரு பொய் சொன்னாள் என்று வையுங்கள், அதைப்போல ஊரைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை. எல்லாரும் நம்பித் தொலைப்பார்கள்.

தொழிற்பூங்காவுக்கு ரோடு போடும்போது ஒரு சின்ன ஏரியை மூடிவிட்டார்கள். மூடினதற்குப் பதிலாக, பெரிய ஏரிக்கரையில் ஒன்பது ஏக்கரை வளைத்து, ஆயிரத்து இருநூறு கன்று நட்டு, காலத்துக்கும் காப்பாற்றுகிறோம் என்று பூங்கா ஆபீஸ்காரர்கள் எழுதிக்கொடுத்தார்கள். எழுதிக்கொடுக்க யாருக்குத்தான் வராது? ஆனால் இவர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். பேங்கில் பெரிய தொகையாகப் போட்டு, அசலில் யாரும் கை வைக்கக்கூடாது, வருகிற வட்டியில்தான் தண்ணி டேங்கர், வேலி, கூலி எல்லாம் என்று ஏற்பாடு பண்ணினார்கள். வல்லக்கோட்டை முருகனுக்குக் கட்டளை எழுதிவைக்கிறார்களே, அந்த மாதிரி. அங்கே விளக்கு அணையக்கூடாது, இங்கே தண்ணி நிற்கக்கூடாது.

அந்த வட்டியில்தான் மெர்சிக்கு சூப்பர்வைசர் சம்பளம். எட்டு வருஷம் கம்பெனி லைனில் நின்று நின்று முட்டி தேய்ந்துபோனவளுக்கு இந்த வேலை கர்த்தர் கொடுத்தது. அவளுக்குக் கீழே முனியம்மாளையும் சேர்த்து நாலு பொம்பளைகள். வருஷத்துக்கு ஒருதரம், மே மாசக் கடைசியில், ஆபீசிலிருந்து எழிலரசி மேடம் வந்து கன்று எண்ணுவாள். நூற்றுக்கு எண்பது உயிரோடு இருக்க வேண்டும். குறைந்தால் சூப்பர்வைசர் வேலைக்கு வேற ஆள்.

இந்த வருஷம் ஏப்ரலில் மெர்சியின் தம்பி டில்லிபாபு குன்றத்தூரில் வீட்டுக்குத் தளம் போட்டான். போட்ட மறுநாளே போர்வெல் வற்றிக் காற்று வாங்கிவிட்டது. தளத்தில் தண்ணி கட்டி நிறுத்தாவிட்டால் வெடித்துப்போகும், நாலு வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு போச்சு என்று போனில் அழுதான். கூடப் பிறந்தவன் அழுதால் எந்த அக்காவுக்குத்தான் மனசு கேட்கும்? ரெண்டு நாள்தானே என்று கன்றுக்கு வந்த டேங்கரைத் திருப்பிவிட்டாள். ரெண்டு நாலாச்சு, நாலு பன்னிரண்டாச்சு. ஏரி ஓரத்துக் கன்றுகள் ஈரத்தில் தப்பித்தன. ரோட்டோர மேட்டில் நானூறு கன்று, புங்கனும் இலுப்பையும், சுருண்டு காய்ந்தே போயின.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை கேட்டிருப்பீர்கள். மெர்சி மறைத்தாள். எண்ண வருகிற அன்றைக்கு விடிகாலையில், காய்ந்த கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ரோட்டு மரங்களிலிருந்து பச்சைக் கொம்பாக வெட்டி வந்து குழிக்குக் குழி செருகச் சொன்னாள். முனியம்மாள் அரிவாளை வாங்கிக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். கொம்பு வெட்டப் போய்விட்டாள். அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் மெர்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எழிலரசி வந்தாள், எண்ணினாள், போட்டோ எடுத்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! இந்தப் பக்கம் எந்த நிலத்திலும் இப்படி இல்லை என்று மெர்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தக் கையை அன்றைக்கு முழுக்க எங்கே வைத்துக்கொள்வதென்று மெர்சிக்குத் தெரியவில்லை.

கூத்து அதற்கப்புறம்தான். எட்டு நாள் கழித்து எழிலரசி போன் பண்ணினாள். நம்ம கன்றெல்லாம் கணக்குப் போட்டதற்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தானாக நிற்க ஆரம்பித்துவிட்டது, இனிமேல் தண்ணி வேண்டாம் என்று மேலே முடிவு பண்ணிவிட்டார்களாம். இந்த நிலத்து வட்டி ஜூலையிலிருந்து வேறொரு மொட்டை நிலத்துக்குப் போகுமாம். மெர்சிக்கு அங்கேயும் சூப்பர்வைசர் வேலை உண்டாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

முனியம்மாளிடம் சொல்லாமல் முடியுமா? சொன்னாள். அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மிச்சம் இருக்கிற எண்ணூறுக்கும் இன்னும் வேர் ஆழம் போகவில்லை, அடுத்த கத்திரி வெயிலைத் தாண்டாது என்று மட்டும் சொன்னாள். நாலு பேருக்குக் கூலி போவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மெர்சி மூன்று தரம் மேடத்துக்குப் போன் போட்டாள், மூன்று தரமும் மணி அடிக்கும் முன்னே கட் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போனபோது அவள் மட்டும் பெஞ்சிலேயே இருந்தாள். பக்கத்திலிருந்தவள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள். முட்டி வலி என்றாள். இன்னொரு பொய்.

செவ்வாய்க்கிழமை எழிலரசி நிலத்தை ஒப்படைக்கிற பேப்பரில் கையெழுத்து வாங்க வந்தாள். ரோட்டு மேட்டில் கால் வைத்ததுமே நின்றுவிட்டாள். மேடு முழுக்கப் பழுப்பு. குனிந்து ஒரு குச்சியைப் பிடித்தாள், கையோடு வந்தது. வேர் இல்லை. அடியில் அரிவாள் வெட்டு. அடுத்ததைப் பிடுங்கினாள், அதற்கடுத்ததையும்.

"யார் பண்ணது இது?"

மெர்சி கீழே கிடந்த குச்சியைப் பொறுக்கினாள்.

"நாந்தாம்மா" என்றாள் முனியம்மாள். "வெயிலுக்கு சோம்பிக்கினு தண்ணி ஊத்தல. மெர்சிக்கு ஒண்ணியும் தெரியாது."

அப்பாடா என்றிருந்தது மெர்சிக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் கதை சொல்கிற எனக்கே அசிங்கம். ஒரு மூச்சு விடுகிற நேரம், அவ்வளவுதான், ஆனால் நிஜமாகவே அப்பாடா என்றிருந்தது. என்ன நினைத்துவிட்டோம் என்று அப்புறம் அவளுக்கே உறைத்தது. வெட்கம் உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் சுட்டது. தன் வயசுக்குப் பத்து மூத்தவள், ஒரு வாய்ச் சோறுகூட நம்மிடம் வாங்கித் தின்னாதவள், நம் திருட்டைத் தலையில் சுமக்கிறாளே!

"அந்தக்கா பொய் சொல்றாங்க மேடம். பன்னெண்டு நாள் டேங்கரை என் தம்பி வூட்டுக்கு அனுப்பினது நான். கொம்பு நடச் சொன்னதும் நான்தான்."

எழிலரசி மெர்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை, இவங்களைக் காப்பாத்தவா என்று முனியம்மாளைத்தான் கேட்டாள்.

"இவள எதுக்கு காப்பாத்தணும்?" என்றாள் முனியம்மாள். "யாருன்னு விசாரிச்சுக்கினு கெடக்காத, எவளோ ஒருத்தி செஞ்சான்னு எழுதிக்கம்மா, யாரு பேரா இருந்தா இன்னா. துட்ட மட்டும் எடுத்துனு போயிடாத. மிச்சம் கீற எண்ணூறாவது பொழைக்கட்டும்."

தனக்காகத்தான் பழி சுமந்தாள் என்று அழத் தயாராக நின்ற மெர்சி, அந்தக் கண்ணீரை அப்படியே விழுங்க வேண்டியதாயிற்று.

எழிலரசி ஒப்படைப்புப் பேப்பரை மடித்துப் பையில் வைத்தாள். வட்டி இங்கேயே இருக்கும், நானூறையும் திரும்ப நடணும், நீங்க நாளையிலிருந்து வர வேண்டாம் மெர்சி என்றாள். ஒரு வெள்ளைப் பேப்பரை நீட்டி, நடந்ததைக் கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னாள்.

டேங்கர் டிராக்டரின் மட்கார்டில் வைத்து மெர்சி எழுதினாள். நானூறு கன்று செத்ததற்குக் காரணம் என்று எழுதிவிட்டு, தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எழுதினாள். அப்போதும் பாருங்கள், கை அதைத்தான் எழுதியது. அடித்துவிட்டு, என் தம்பி வீடு, குன்றத்தூர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது முனியம்மாள் குடத்தோடு ஏரி ஓரத்துக் கன்றுகளுக்குப் போயிருந்தாள். அக்கா என்று கூப்பிட வாயெடுத்தாள் மெர்சி. கூப்பிடாமலே பேப்பரை மேடத்திடம் நீட்டினாள்.