சந்தை நின்ற நாற்பத்தைந்து நிமிடம்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒட்டுக் கேட்டேன். பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் வரும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் கைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இன்னிக்கு ஒரே செவப்பா இருக்கு மச்சான். பதறாதீங்க.” மிளகாய் வியாபாரமா என்று கேட்டேன்.

“பங்குச் சந்தை அக்கா. வெல எறங்கினா செவப்பு” என்று சிரித்தாள். பெயர் ஜஸீலா. ஊர் அதிராம்பட்டினம். நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் ஒரத்தநாட்டில் தொடங்கி, தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் இறங்கியும் நின்றபடி சொல்லி முடித்தாள். முடித்தாள் என்று சொல்ல முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எழுதிப் பார்த்த முதல் வரி: ‘அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் அன்று காற்று’

(விட்டுவிட்டேன். கஜா புயலைப் பார்த்த ஒருத்தியின் கதையில் காற்றை அழகுக்காக வீசவிடக் கூடாது.)

2

கஜா அடித்தபோது அவர்கள் தோப்பில் நூற்றெண்பது தென்னை சாய்ந்தது. கணவர் அப்துல் அஜீஸ் துபாயில் ஒரு ஹோட்டலின் ஸ்டோர் கீப்பர். சம்பளம் மாதாமாதம் வந்தது. தேங்காய்க் காசுதான் நின்றுபோனது. ஜஸீலா அஞ்சல்வழியில் பி.காம். படித்தவள். பீரோவில் பதினாறு பவுன் வளையல்கள் சும்மா கிடந்தன. வங்கியில் போட்டால் வட்டி, மார்க்கத்தில் வட்டி கூடாது. 2019 தையில் வளையல்களை விற்று, மூன்றே முக்கால் லட்சத்தோடு பட்டுக்கோட்டையில் பங்குத் தரகர் செல்லதுரையின் முன் போய் உட்கார்ந்தாள். கணவரிடம் சொல்லவில்லை. அவருக்குப் பங்குச் சந்தை என்றால் சூதாட்டம்.

பல கம்பெனிப் பங்குகளை ஒரே கட்டாக விற்கும் இடிஎஃப் பற்றிச் செல்லதுரை அவளுக்கு விளக்கினார். “ஒரு கம்பெனி பங்கு வாங்குறது ஒரு மரம் வாங்குற மாதிரிங்க. இது தோப்பு முழுக்க ஒரு பங்கு. ஒரு மரம் விழுந்தாலும் மத்தது நிக்கும்.”

“எங்க தோப்புல மொத்தமும்ல விழுந்துச்சு?”

செல்லதுரை பேனாவை மூடி வைத்தார். “அதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க. மொத்தமும் விழுற நாளும் வரும்.”

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவரை நம்பினாளாம். வங்கியும் சாராயக் கம்பெனியும் இல்லாத இடிஎஃப் ஒன்றைக் கேட்டாள். இருந்தது. வாங்கினாள்.

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சந்தையில் ஜெயித்தாள் என்று விளம்பரம் எழுதப் போகிறேனோ? ஆகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இனி கதை நடக்கப்போகும் வெள்ளிக்கிழமையில் அந்தப் பதினாறு பவுன் பவுனாகவே இருந்திருந்தால் ஐந்து லட்சம் பெறும். ஜஸீலாவே கணக்குப் போட்டுச் சொல்லிச் சிரித்தாள்.)

3

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. கொரோனா பயத்தில் உலகச் சந்தைகள் எல்லாம் சரிந்துகொண்டிருந்தன. காலை ஒன்பதே காலுக்கு நம் சந்தை திறந்தது. ஐந்தாறு நிமிடத்தில் பத்து சதவீதம் விழுந்தது. வியாபாரத்தையே நிறுத்தினார்கள். நாற்பத்தைந்து நிமிடம். அதன்பின் விலை குறிக்க இன்னொரு கால் மணி நேரம்.

ஜஸீலா அடுப்பை அணைத்தாள். கணினித் திரையில் எண்கள் உறைந்து நின்றன. அவளுடைய பணம் மூன்று லட்சத்துக்குக் கீழே போயிருந்தது. பயமா என்று கேட்டேன். “பயந்தேன்க்கா. ஆனா எப்படிச் சொல்றது, உடம்பெல்லாம் முழிச்சிக்கிட்ட மாதிரியும் இருந்துச்சு.”

அப்போது துபாயிலிருந்து அழைப்பு.

“ஜஸீலா, ஹோட்டல்ல ஆளே இல்ல. சம்பளமில்லாத லீவுன்னு அனுப்புறாங்க. புதன்கிழமை வந்துடுவேன். இனிமே இந்த வெளிநாட்டுச் சபர் வேணாம். ஊர்லயே படகு மோட்டார் சாமான் கடை போட்டுடுவோம். வளையல்தான் இருக்கே, வித்துக்கலாம்.”

இங்கே நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. ‘சரி மச்சான்’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். (கோழைத்தனம். அவளுடையது அல்ல, என்னுடையது.)

ஆ. அவள் அழுதபடியே

(இல்லை. அவள் அழவில்லை.)

இ. நடந்தது:

“வளையல் இல்ல மச்சான். போன வருஷமே வித்துட்டேன். பங்குல போட்டிருக்கேன்.”

ஜஸீலா போனைக் காதோடு அழுத்தினாள்.

“லைன்ல இருக்கீங்களா?”

“எவ்வளவு இருக்கு இப்ப?”

“தெரியாது. சந்தைய நிறுத்தி வச்சிருக்காங்க. பத்தே காலுக்கு மேலதான் தொறக்கும்.”

“தொறந்ததும் வித்துடு.”

“இன்னிக்கு இந்த வெலைக்கா? மாட்டேன்.”

“யாரக் கேட்டுப் போட்டே?”

“யாரையும் கேக்கல. கேட்டிருந்தா வேணாம்னிருப்பீங்க. உங்ககிட்ட மறைச்சது தப்பு, அதுக்கு என்ன வேணா திட்டுங்க. வாங்கினது தப்பில்ல.”

திட்டினார். பதினாறு வருட சபரில் சேர்த்த கோபத்தையெல்லாம் சேர்த்துத் திட்டினார். அவள் போனைக் கீழே வைக்கவில்லை. திட்டிக்கொண்டிருந்தவர் நடுவில் சட்டென்று கேட்டார்: “மணி என்ன ஆச்சு அங்க?”

“பத்து இருவது.” எண்கள் அசைந்தன. “மச்சான்! ஏறுது!”

“எவ்வளவு?”

“இருங்க... இன்னும் ஏறுது!”

அரை மணி நேரம் கிரிக்கெட் வர்ணனை போல அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் தரைதட்டிய சந்தை, அன்று மாலை முந்தைய நாளைவிட மேலே முடிந்தது. ஜும்ஆ தொழுதுவிட்டு அவர் மறுபடி அழைத்தபோது ஜஸீலா ஒரு தீர்ப்போடு காத்திருந்தாள். பாதியை விற்பது, அது அவருடைய கடைக்கு. மீதிப் பாதி அவளுடையது. அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

“சரி” என்றார் அப்துல் அஜீஸ். அவள் உடனே விற்றாள். சந்தை முடிந்த பிறகு அழைத்து, “என் பாதிய மூணு மணிக்கு மேல வித்திருந்தா கூடக் கெடச்சிருக்குமோ?” என்றார்.

4

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. உண்மை நிற்கவில்லை.

அவர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் பதினான்கு நாள் தனித்திருக்க வேண்டும் என்று முன்னறையில் அடைந்துகொண்டார். மார்ச் 23, திங்கட்கிழமை, சந்தை மறுபடி பத்து சதவீதம் விழுந்தது. மறுபடி நிறுத்தினார்கள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் ஜஸீலா, அந்தப் பக்கம் அவர். கடைக்கான பணம் வங்கியில் இருந்தது. கடைத்தெருவே மூடப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு.

“உன் பாதி என்ன ஆச்சு?” கதவுக்குப் பின்னிருந்து குரல்.

“ரொம்ப விழுந்துடுச்சு.”

“விக்கப் போறியா?”

“இல்ல.”

அவர் கதவை மெல்லத் தட்டினார்: “ஜஸீலா... என் பாதிக்கும் இப்ப வாங்கினா எத்தன யூனிட் வரும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கடை?”

“அதத்தான் யோசிக்கிறேன். நீ என்ன சொல்றே?”

5

அவள் என்ன சொன்னாள்? பேருந்து நிலையத்தில் கேட்டேன். “அத எழுதாதீங்கக்கா. படிச்சிட்டு நாலு பேரு அப்படியே செய்வாங்க” என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டாள்.

ஆகவே முடிவு உங்களிடம். ஆனால் ஒரு நிபந்தனை. அதற்குப் பிறகு சந்தை எவ்வளவு ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். அதை மறந்துவிட்டு வாருங்கள். வேலை போன கணவர் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். கையில் கடைசிப் பணம். வெளியே தெரு அடங்கிக்கொண்டிருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உங்களிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

சந்தை திறக்க இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. சொல்லுங்கள்.