பெயர் இல்லாவிட்டால் நூற்றெண்பது டொலர்

ஒரு வாரமாக எமில் இரண்டு பெட்டகக் கம்பனிகளின் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் களவு போனதிலிருந்து, அலுமாரியில் இருந்த எட்டுத் தங்க பிஸ்கட்டுகளையும் எங்காவது பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும் என்ற யோசனை. ஓக்லாந்து நகரத்துக் கம்பனி தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒரு பங்கை வருட வாடகையாகக் கேட்டது. விலை ஏற ஏற வாடகையும் ஏறும்; போதாக்குறைக்கு எல்லாருடைய பிஸ்கட்டையும் ஒன்றாகத்தான் வைப்பார்களாம். தெற்கே மனுகாவில் இருக்கும் கம்பனி தனிப்பெட்டி தந்தது. வருடம் நானூறு டொலர், இன்ஷூரன்ஸ் உட்பட.

முப்பது வருடம் கிடங்கில் சரக்கு எண்ணிய மனுஷனுக்கு இதைவிட வேறு என்ன பொழுதுபோக்கு வேண்டும்? வேலையும் விட்டாயிற்று, மனைவி மாகிரட் செத்தும் இரண்டு வருடம். ஏவன்டேல் வாடகை வீட்டில் அவரோடு பேச ஆளில்லை. கம்பனிக்கு ஃபோன் எடுத்தால் ஒரு மனிதக் குரலாவது கேட்கும். அதற்காகவே, விளங்கியதையும் விளங்காத மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டார்.

மனுகாவ்தான் என்று முடிவுசெய்து படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். நீங்கள் வர முடியாமல் போனால் பெட்டியைத் திறக்க உரிமையுள்ள இன்னொருவர் யார் என்று கேட்டிருந்தது. பெயர் கொடுக்காவிட்டால் கம்பனி வக்கீல் பொறுப்பெடுப்பார். அதற்கு வருடம் நூற்றெண்பது டொலர்.

காசு ஒரு பொருட்டில்லை. எழுத ஒரு பெயர் இல்லை என்பதுதான் பிரச்சினை. மாதா கோயில் ஆட்களிடம் தங்கம் என்று வாய் திறக்க முடியுமா? பூசை முடிவதற்குள் ஓக்லாந்து முழுக்கத் தெரிந்துவிடும். மகள் ஜனுஷா அரை மணி நேரக் கார் ஓட்டத்தில், பிளாட் புஷ்ஷில்தான் இருக்கிறாள். அவளிடம் கேட்பதென்றால் உண்மையையும் சொல்ல வேண்டும்.

அந்த பிஸ்கட்டுகள் ஒரு காலத்தில் ஜனுஷாவின் கல்யாண நகை. அவள் பிறந்த வருடத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்தது. ரிஷி என்ற தமிழ்நாட்டு இந்துப் பையனைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, "நகையை வித்துப்போட்டம் எண்டு சொல்லுங்கோ, நம்புவாள்" என்று சொல்லிக்கொடுத்தவள் மாகிரட். எமில் மறுபேச்சுப் பேசாமல் மகளிடம் அப்படியே சொன்னார். நகையைக் கொடுத்து பிஸ்கட்டாக மாற்றி, வயதான காலத்துக்கு உதவும் என்று இரண்டு பேருமாகப் பூட்டி வைத்தார்கள்.

ஜனுஷா சிநேகிதி றோஷினியின் நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணத்தன்று கோயிலில் நின்றாள். இரவல் நகையை எங்கள் சனம் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடும். அன்றைக்குப் பட்ட அவமானத்தை அவள் தகப்பன் கணக்கில்தான் எழுதினாள். தாயோடு மட்டும் கடைசிவரை தினமும் ஃபோனில் கதைத்தாள். செத்தவீட்டில் தாயின் கையை விடவே மாட்டேன் என்று அழுதாள்.

எமில் மூன்று தரம் ஃபோனை எடுத்து வைத்து, நாலாம் தரம் நம்பரை அழுத்தினார்.

"ஜனுஷா, அப்பா கதைக்கிறன்."

உடம்புக்கு ஏதாவதா என்று அவள் வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான் சுகம். உன்ர நகையை வித்ததெண்டு சொன்னது பொய், மகள். தங்கம் இருக்கு. பெட்டகத்தில வைக்கப் போறன், உன்ர பேரைப் போடட்டே? இல்லாட்டி வருஷம் நூற்றெண்பது டொலர் கூடக் கேக்கிறாங்கள்."

கடைசி வசனத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

ஜனுஷா இந்தத் தரம் தமிழில் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவதான் சொல்லித் தந்தவ என்பது நுனி நாக்கில் வந்து நின்றது. சொன்னால் பழியில் பாதி இறங்கும். மகளும் ஒருவேளை மனமிளகுவாள். ஆனால் செத்த தாயை அவளிடமிருந்து இன்னொரு தரம் பறிக்க எமிலுக்கு மனம் வரவில்லை.

"இல்லை. அவவுக்கு ஒண்டும் தெரியாது. எல்லாம் நான்தான்."

ஜனுஷா மூச்சை விட்டது கேட்டது. "தாங்க் காட்," என்றாள். பிறகு மறுபடி ஆங்கிலத்துக்குப் போய், அந்த நூற்றெண்பதைக் கட்டிவிடுங்கள், என் பெயரைப் போட வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னாள். "அம்மாவைப் போய் ஒரு நிமிஷம் பிழையா நினைச்சிட்டன்," என்று தமிழில் தேம்பினாள். உடனே ஃபோனை வைத்துவிட்டாள்.

"கொம்மா நல்லவ, மகள்," என்றார் எமில், வெறும் ஃபோனைக் காதில் வைத்தபடி.