நெற்றி வராகன்

பங்காளிகள் தண்ணீர் ஊற்றி முடித்துப் புது வேட்டி கட்டிவிட்டதும், சொக்கம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து பெஞ்சில் கிடத்தியிருந்த அண்ணன் ஜெயவேலின் தலைமாட்டில் நின்றாள். நெற்றியில் திருநீறு பூசி, நடுவில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள்.

“காசு குடு நீலா.”

காசு நீலாவின் கையில்தான் இருந்தது. ஆனால் உள்ளங்கை அகலமுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. சுற்றிலும் ஒட்டப்பட்ட பெட்டி. திறப்பதற்கென்று மூடி எதுவும் கிடையாது.

“இன்னாடி இது?”

“டெஸ்டுக்கு அனுப்பினோமே அத்தை. சீல் பண்ணிக் குடுத்துக்கீறாங்க.”

“ஒடைச்சு எடு.”

“ஒடைக்காத,” என்றான் குமாரவேல். நீலாவின் தம்பி. பந்தல் கம்பைப் பிடித்தபடி நின்றிருந்தான். “நைனாவுக்குன்னு ஒரு அத்தாட்சி கீதுன்னா அது ஒண்ணுதான். ஒடைச்சா வெறும் காசு. மறுபடியும் டூப்புன்னுவானுங்க.”

“இப்போ நெத்தி காலியா கீதே, அதுக்கு இன்னா பண்ணலான்ற?”

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மணி அடிக்கத் தொடங்கியது.

அது அரைப் பூவராகன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் கும்பெனிக்காரர்கள் சென்னையில் அடித்த வெள்ளிக்காசு. ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுபக்கம் சாமி. தாத்தாவிடம் அது எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் யார் செத்தாலும் குளிப்பாட்டிய பிறகு நெற்றியில் அதைத்தான் வைப்பார்கள். பாடை தூக்குவதற்கு முன் எடுத்துவிடுவார்கள். தாத்தாவின் நெற்றியில் அதை நீலா பார்த்திருக்கிறாள். அம்மாவின் நெற்றியிலிருந்து அவளே எடுத்தாள்.

கோபுரத்துக்கு அடியில் உற்றுப் பார்த்தால் வேறு ஏதோ எழுத்துகளின் நிழல் தெரியும். ஜெயவேல் ஒருமுறை துறைமுகத்துக்கு எடுத்துப்போய்ச் சிநேகிதர்களிடம் காட்டினார். அங்கே அவர் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்த செங்குட்டுவன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒரு காசுல எப்படி மாமு ரெண்டு அச்சு வியும்? சரியான டூப்பு,” என்றார். அன்றிலிருந்து ஜெயவேல் டூப்பு ஜெயவேல் ஆனார். கேன்டீனில், சம்பள வரிசையில், பிறகு தெருவிலும் அதே பெயர். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். குமாரவேல் பள்ளிக்கூடத்தில் டூப்பு மவன் ஆனபோதுதான் ஒரே ஒரு நாள் வீட்டில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

படுக்கையில் விழுந்த பிறகு, “ஒரு தபா காட்டிட்டு வந்துடு நீலா,” என்றார். “எதுவா இருந்தாலும் சரி.”

மண்ணடியில் பழைய நாணயம் பார்க்கும் ரூபினாவின் கடைக்கு நீலா போனாள். ரூபினா காசின் எடை பார்த்து, விளிம்பை அளந்து, லென்ஸை வைத்துக் கோபுரத்தின் அடியில் நெடுநேரம் பார்த்தாள்.

“இந்த எழுத்துதான்க்கா முக்கியம். ஸ்பெயின்காரன் காசு மேலயே நம்மூர் அச்சைப் போட்டிருக்காங்க. போலி பண்றவன் இவ்ளோ மெனக்கெட மாட்டான்.” பிறகு லென்ஸை இறக்கினாள். “இதை எப்போ தேச்சீங்க?”

முந்தின நாள்தான். நீலா வேலைக்குப் போயிருந்தபோது ஜெயவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், புளியும் பாத்திரம் தேய்க்கிற பொடியும் போட்டுக் காசைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். “செத்தவங்க நெத்தியில வெச்சதும்மா. கலீஜா குடுத்தா அவங்க இன்னா நெனப்பாங்க?” என்றார் அவளிடம். கோபுரத்தைச் சுற்றிப் படிந்திருந்த பழுப்பு போய்விட்டது. வெள்ளியின் மேல் மெல்லிய கீறல்கள் வட்டவட்டமாக ஓடின.

ரூபினா திட்டவில்லை. காசை ஏதோ ஒரு திரவத்தில் ஊறவைத்து, மிச்சமிருந்த புளியை மட்டும் எடுத்தாள். “அது அரிச்சிக்கினே இருக்கும், அதான் எடுத்தேன். ஆனா போன நெறம் திரும்பி வராதுக்கா. இனிமே ஓரத்தைப் புடிச்சுதான் எடுக்கணும். துடைக்கவே கூடாது.” தரம் பார்க்கிற நிறுவனத்துக்கு அவளே அனுப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. உள்ளே இருந்த சீட்டில் அசல் என்று போட்டிருந்தது. நல்ல காசுக்கெல்லாம் அதற்குக் கீழே தரத்துக்கான எண் இருக்கும் என்று ரூபினா சொல்லியிருந்தாள். இதில் எண் இல்லை. தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது என்று மட்டும் இருந்தது.

நீலா முதல் வரியை மட்டும்தான் அப்பாவிடம் சொன்னாள். அவர் பெட்டியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

“செங்குட்டுவனுக்குப் போன் போடு. கண்ணாடி எட்த்துகினு வரச் சொல்லு.”

எண்ணூரில் மகள் வீட்டில் இருந்த செங்குட்டுவன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். ஞாயிறு விடிவதற்குள் ஜெயவேல் போய்விட்டார்.

ரயில் போய்க் கேட் திறந்ததும், அந்தப் பக்கம் நின்றிருந்த ஆட்டோக்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாவதிலிருந்து செங்குட்டுவன் இறங்கினார். ரோஜா மாலையைச் சுமக்க முடியாமல் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பெஞ்சருகே வந்ததும், “டேய் டூப்பு,” என்று ஆரம்பித்தார். பறையடிக்கிறவர்கள் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது.

குமாரவேல் பந்தல் கம்பை விட்டுவிட்டு முன்னால் வந்தான். நீலா அவனைத் தாண்டிப்போய்ப் பெட்டியை நீட்டினாள்.

“மாமா, கண்ணாடி எட்த்துகினு வந்தீங்களா?”

செங்குட்டுவன் மாலையைச் சொக்கம்மாளிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோய், ஒரு காலத்தில் மூட்டைகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்த மாதிரி, ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷைப் படித்தார். முதல் வரியை இரண்டு தடவை படித்தார். பெட்டியைத் திருப்பிக் காசின் மறுபக்கம் பார்த்தார்.

“மார்க்கு ஒண்ணும் போடலையே?”

“போட மாட்டாங்களாம். நைனா புளி போட்டுத் தேச்சுட்டாரு.”

“எப்போ?”

“நான் எட்த்துகினு போறதுக்கு மொத நாளு.”

“அவனாண்ட சொன்னியா?”

“இல்ல.”

செங்குட்டுவன் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றாமலே பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்தபடி நின்றார். கூட்டத்தில் யாரோ, “இன்னாண்ணா எழுதிக்கீது?” என்றார்கள்.

“ஒரிஜினல்னு எழுதிக்கீது,” என்றார் தெருவுக்கே கேட்கிற மாதிரி. “நல்லா காதுல வாங்கிக்கோ. ஒரிஜினல்.”

குமாரவேல் உள்ளே போனான். திரும்பி வந்தபோது அப்பாவின் குறடு அவன் கையில் இருந்தது. அதை அக்காவிடம் கொடுத்தான். நீலா பெட்டியின் மூலையைக் குறட்டில் கவ்வி முறுக்கினாள். வழுக்கியது. குமாரவேல் பெட்டியைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது முறை படீரென்று பிளந்தது.

காசை ஓரத்தில் பிடித்து எடுத்து அப்பாவின் நெற்றியில் கோபுரம் உள்ளே படும்படி வைத்தாள். சந்தனத்தில் அது நன்றாகப் பதிந்தது.

செங்குட்டுவன் பிளாஸ்டிக் துண்டுகளிலிருந்து சீட்டைப் பொறுக்கினார். நான்காக மடித்து ஜெயவேலின் இடுப்பில், வேட்டி மடிப்பில் செருகினார்.

“இது அவனாண்டயே இருக்கட்டும். மேல எவனாவது டூப்புன்னா காட்டட்டும்.”

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சொக்கம்மாள் முறைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாடை தூக்க வந்தபோது நீலா காசை எடுத்துக்கொண்டாள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் பறைச் சத்தம் கேட்டது. பிறகு கேட்டில் மணி அடித்தது, ரயில் ஓசையில் பறை காணாமல் போனது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள்.

சொக்கம்மாள் அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தாள். கொஞ்சம் புளி, தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

“குடு, தேச்சு வெச்சுடறேன். சந்தனம் அப்பிக்கினு கீது பாரு.”

“வேணாம் அத்தை.”

“காஞ்சா கறை புடிச்சுக்கும்டி.”

“புடிக்கட்டும்.”

கழுவிவிட்ட தண்ணீர் வாசல் வரைக்கும் ஓடியது. நீலா காசின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்தபடி ஈரத்தில் கால் வழுக்காமல் நடந்துபோய், ஜன்னல் கட்டையில் கோபுரம் மேலே தெரிய வைத்தாள். சந்தனம் ஓரங்களில் காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. நடுவில் இன்னும் ஈரமாக இருந்தது.