லின்வுட் என்கிற பெயர்

"லின்வுட் செத்துட்டான், ரூஃபஸ்."

சிறையின் பார்வையாளர் அறையில், வழக்கம்போல் சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்திருந்தான் ரூஃபஸ். போலீஸுக்கு முதுகைக் காட்டாதே என்பது இருபது வயதில் கறுப்பர் இயக்கத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. நாலாபக்கமும் காவலர்கள் நிற்கிற இடத்திலும் அதை அவன் விடவில்லை.

"எங்க?"

"அட்லாண்டாவுல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல, பேரப்பிள்ளைங்க சுத்தி நிக்க."

"நல்ல சாவு" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐம்பது வருடம் முன்பு ஃபிலடெல்ஃபியாவில் இவனும் லின்வுட்டும் போன காரை மறித்த போலீஸ்காரனைச் சுட்டது லின்வுட். ஓடித் தப்பியதும் லின்வுட்தான். காரை ஓட்டிய ரூஃபஸ் மாட்டினான். பல்லை உடைத்தார்கள், பெயர் வாயிலிருந்து வரவில்லை. காலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிவிட்டு, சாயங்காலம் துப்பாக்கி துடைத்தவர்கள் நாங்கள். கறுப்பர் விடுதலை அடுத்த வருடமே வந்துவிடும் என்று சத்தியமாக நம்பினோம். எங்களுக்கு வந்தது மூட்டுவலிதான்.

பரோல் குழு ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்டது. சுட்டது யார்? இவன் வாய் திறக்க மாட்டான். மனம் திருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இப்போது அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய். இந்தக் குளிர்காலத்தைத் தாண்டினால் அதிசயம்.

"இனிமே யாரைக் காப்பாத்தப் போற? சொல்லித் தொலை. என் வீட்ல வந்து கிட. மீன் வறுத்துப் போடுறேன்."

"செத்தவன் எந்திரிச்சு வந்து மறுக்க முடியாதே, சிஸ்டர் வெர்னா" என்றான். இயக்கத்தில் கூப்பிட்ட பழக்கம் இன்னும் போகவில்லை.

"அவனே சொல்லச் சொன்னான். சாகறதுக்கு முன்னாடி என்கிட்ட போன்ல அழுதான்."

"உயிரோட இருக்கறப்ப அவனே வந்து சொல்லியிருக்கலாம்ல" என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம் குழுவின் முன்னால் பெயரைச் சொன்னான்.

ஆள் செத்த பிறகு பெயர் சொல்வது வசதிதானே என்றார்கள். ஐம்பது வருடம் மறைத்தவனை எப்படி நம்புவது என்றார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாமாம். பாவிகள்.

சிறைக்கு ஓடினேன். பார்வையாளர் அறையில் எதிர் நாற்காலியில், காவலர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான் ரூஃபஸ். சுவரோரம் இருந்த அவன் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"இடம் மாறி உக்காந்திருக்க" என்றேன்.

"என்கிட்ட இருந்தது அந்தப் பேர் ஒண்ணுதான் சிஸ்டர். அதையும் குடுத்துட்டேன்" என்றான். "நீ அங்க சுவரோரமா உக்காரு."